ரெக்கார்டில் என் கையெழுத்து இருக்கிறது. பையனுக்கு வெர்னியர் பார்க்கத் தெரியவில்லை

லேப் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் துறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். போன வாரம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி, இங்கே இருக்கும் அனுபவசாலிகளிடம் யோசனை கேட்கலாம் என்று வந்தேன்.

சென்ற வருடம் முடித்துப் போன மாணவன் ஒருவன் போன் செய்தான். சி.ஜி.பி.ஏ. 8.4, ஒரு அரியர்கூடக் கிடையாது. சின்னக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவுக்கு இன்டர்வியூ போயிருக்கிறான். அங்கே கேள்வியே கேட்கவில்லையாம். மேசை மேல் ஒரு புஷ்ஷையும் (நடுவில் ஓட்டை உள்ள உருளைத் துண்டு), நுணுக்கமாக அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரையும் வைத்து, உள்விட்டம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்களாம். கருவியை மூடி ஸீரோ சரியாக இருக்கிறதா என்று இவன் பார்க்கவில்லை. மெயின் ஸ்கேலைப் படித்துவிட்டான். வெர்னியர் ஸ்கேலில் எந்தக் கோடு ஒத்துப்போகிறது என்பதில் தடுமாறிவிட்டான். "தியரி எல்லாம் தெரியும் சார், கையில் எடுத்ததும் ஒன்றும் ஓடவில்லை" என்றான். குரல் உடைந்திருந்தது.

போனை வைத்துவிட்டு டிபார்ட்மென்ட் அலமாரியைத் திறந்தேன். அந்த பேட்ச் ரெக்கார்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அளவியல் சொல்லித்தரும் மெட்ராலஜி லேபின் முதல் எக்ஸ்பெரிமென்டே வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான். அட்டவணை நிரப்பியிருக்கிறது, கிராஃப் ஒட்டியிருக்கிறது, பத்துக்கு ஒன்பது மார்க், கீழே தேதியுடன் என் கையெழுத்து.

அன்று அவன் கையில் கருவி இருந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நோட்டில் இருந்த எண்களை. அவன் அளந்ததை நான் பார்க்கவில்லை.

அதனால் கேட்கிறேன். ஒரு மாணவனுக்கு ஒரு வேலை உண்மையிலேயே செய்ய வருகிறதா என்பதைக் கல்லூரிக்குள்ளேயே எப்படி உறுதி செய்வது? எனக்கு ஒரு பேட்ச்சில் 30 பேர். நான் ஒருவன், லேப் அசிஸ்டென்ட் ஒருவர், வாரம் மூன்று பீரியட். இதற்குள் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

கணபதி பட்டறை

வணக்கம் சார். கோயமுத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம், 22 பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்தக் கம்பெனி நான் இல்லை. ஆனால் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

மார்க் ஷீட்டைப் பார்த்து ஆள் எடுப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. மார்க் மேல் கோபம் ஒன்றும் இல்லை. 8 வாங்கியவனுக்கும் 6 வாங்கியவனுக்கும் ஷாப் ஃப்ளோரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு டிராயிங்கைக் கொடுத்து, இதில் எந்த அளவில் ரொம்பக் கவனம் வேண்டும் என்று கேட்பேன். அப்புறம் பீஸைக் கொடுத்து அளக்கச் சொல்வேன். கடைசியாக, பார்த்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வேன். பத்து நிமிடத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டிராயிங்கில் உள்விட்டம் 25 எச்7 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 25 மி.மீ.க்கு மேலே 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகலாம், கீழே துளிகூடப் போகக் கூடாது. இதை மனப்பாடமாக யாரும் சொல்ல வேண்டாம், டேபிளைப் பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும். நான் வேண்டுமென்றே 0.02 மி.மீ. லீஸ்ட் கவுன்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) வெர்னியரைத்தான் கொடுப்பேன். அனுமதிக்கும் மொத்த வித்தியாசமே, அதாவது டாலரன்ஸே, 21 மைக்ரான், கருவியின் ஒரு கோடு 20 மைக்ரான். அந்த வெர்னியரை வைத்து இந்த ஓட்டையை ஓகே செய்யவே முடியாது. முக்கால்வாசிப் பேர் அளந்து ஒரு நம்பரைச் சொல்லிவிடுவார்கள். போன வருடம் ஒரு பெண் மட்டும் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுக்கு வெர்னியர் பத்தாது, போர் கேஜ் இருக்கா?" என்று கேட்டாள். உள்விட்டத்தை இன்னும் நுணுக்கமாக அளக்கும் கருவி அது. அன்று சாயங்காலமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அவளுடைய சி.ஜி.பி.ஏ. எவ்வளவு என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஃபைல் பொறுப்பாளர்

சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதற்கு ஒரு முறையே இல்லாதது போல் பேசுவது சரியில்லை. நான் எங்கள் கல்லூரியில் என்.பி.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினர் ஆனது. அதற்குப் பிறகு எல்லாமே விளைவு சார்ந்த கல்விதான். ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவனுக்கு என்ன வர வேண்டும் என்று கோர்ஸ் அவுட்கம் எழுதுகிறோம், ஒவ்வொரு கேள்வியையும் அதனுடன் இணைக்கிறோம், எந்தச் சிந்தனை நிலையைச் சோதிக்கிறது என்று கே1, கே2 என்று பக்கத்தில் போடுகிறோம். வருடக் கடைசியில் அதை எவ்வளவு எட்டினோம் என்று அட்டெயின்மென்ட் கணக்குப் போட்டு, எங்கே குறைந்ததோ அதற்கு நடவடிக்கை எடுக்கிறோம். முன்பு சிலபஸ் முடித்தோமா என்பது மட்டும்தான் கேள்வி. இப்போது மாணவன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவாவது வைத்திருக்கிறார்கள். அதைச் சிறிய மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

லேப் வாத்தியார்

ஃபைல் பொறுப்பாளர் அவர்களே, அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் மூன்று முறை அந்த எக்செல் ஷீட்டுகளோடு இரவு உட்கார்ந்தவன்.

ஆனால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் வைத்திருக்கும் அளவுப்படி, 60 பேரில் 42 பேர் இலக்கு மார்க்கைத் தாண்டினால் 70 சதம், லெவல் 2. பாடம் பரவாயில்லாமல் நடந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மீதி 18 பேர் யார், அவர்களுக்கு என்ன வரவில்லை என்பது அந்த ஷீட்டில் கிடையாது. அங்கீகாரம் கிடைப்பது பட்டப்படிப்புக்கு, தனி ஆளுக்குக் கிடையாது. அது தவறும் இல்லை, அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் அந்த அட்டெயின்மென்டை வைத்துக்கொண்டு "எங்கள் மாணவர்கள் திறன் பெற்றவர்கள்" என்று நோட்டீஸ் அடிக்கும்போது தனி ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க் என்று மொத்தம் 100. ஐந்து யூனிட். ஒரு யூனிட்டை அப்படியே விட்டால் போவது 4 + 13, ஆக 17 மார்க். பதினைந்து மார்க் கேள்வி படித்த யூனிட்டிலிருந்து வந்துவிட்டால், இரண்டு யூனிட்டைத் தொடாமலேயே 66 வரை எடுக்க வழி இருக்கிறது. பாஸ் செய்ய 50 போதும். பாஸ் ஆன மாணவனுக்கு எந்த இரண்டு யூனிட் தெரியாது என்று அவனுக்குத் தெரியும், அவன் நண்பனுக்குத் தெரியும். மார்க் ஷீட்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

பழைய ஐ.டி.ஐ.

தம்பி, நான் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உறுத்தல் நல்லது.

எங்களிடம் ரெக்கார்டு உண்டு, ஆனால் மார்க் ஜாபுக்குத்தான், அதாவது அவன் கையால் செய்து முடிக்கும் பீஸுக்குத்தான். மெட்டீரியல் கொடுக்கும்போதே அவனவன் நம்பரை பன்ச் அடித்துத்தான் கொடுப்பேன். இல்லையென்றால் நல்லா ஃபைல் பிடிக்கிற ஒருத்தன் நாலு பேருக்கு ஜாப் முடித்துக் கொடுத்துவிடுவான். பன்ச் அடித்தாலும் வேலை முடிந்ததும் அதைத் தேய்த்துவிடுவார்கள். அதனால் தேய்க்க வேண்டாத முகத்தில் அடிப்பேன்.

அப்புறம் ஒன்று. முடிந்த ஜாபைப் பார்த்தால் பாதிதான் தெரியும். ஃபைலை எப்படிப் பிடிக்கிறான், உடம்பு எங்கே நிற்கிறது, எத்தனை தடவை நிறுத்தி ட்ரை ஸ்கொயர் (மூலைமட்டம்) வைத்துப் பார்க்கிறான், இதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். கடைசி வரை ராவிவிட்டு அப்புறம் ஸ்கொயர் வைக்கிறவன் அதிர்ஷ்டத்தில் ஒரு ஜாபைச் சரியாக முடிக்கலாம். அடுத்த ஜாபில் மாட்டிக்கொள்வான். நான் ஒரு நாளைக்கு நாலு பேர் பக்கத்தில் நிற்பேன். யார் யார் என்று முந்தின நாள் சொல்ல மாட்டேன்.

எட்டாம் செமஸ்டர்

வணக்கம். நான் மெக்கானிக்கல் கடைசி வருடம். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் இதில் எங்கள் பக்கத்தை யாரும் சொல்லவில்லை.

லேபில் ஐந்து பேருக்கு ஒரு கருவி. ஐந்து பேரில் ஒருவன் அளப்பான், ஒருவன் எழுதுவான். மூன்று பேர் நிற்போம். பெரும்பாலும் பெண்களிடம் எழுதும் வேலை வரும், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. நான் நான்கு வருடத்தில் லேத்தை ஓட்டியது மொத்தம் எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்தேன். ஒரு மணி நேரம் வராது. அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கையெழுத்து வாங்கியிருக்கிறேன் என்றும் எனக்குத் தெரியும்.

அதனால் எங்களைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சோதியுங்கள். ஆனால் அதற்கு முன் கருவியை எங்கள் கையில் கொடுங்கள். பழகவே விடாமல் பக்கத்தில் நின்று பார்த்தால், தெரியாது என்பதை மட்டும்தான் கண்டுபிடிப்பீர்கள்.

இன்னொன்று வைவா. வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஆங்கிலத்தில் கேட்பார். என் தோழி ஒருத்தி, வீட்டில் முதல் பட்டதாரி, பிளஸ் டூ வரை தமிழ் வழி. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிவிடுவாள், அவள் அப்பா டூ வீலர் மெக்கானிக். வைவாவில் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு லேபில் எப்போதும் குறைந்த மார்க்தான். அந்த மார்க் எதை அளந்தது?

கணபதி பட்டறை

பாப்பா, நீ எழுதியது நியாயம். நாங்கள் குறை சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம் என்பதும் உண்மை.

லேப் வாத்தியார் சார், எங்களிடம் ரிஜெக்ட் ஆன புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் எல்லாம் ஸ்கிராப்புக்குப் போகாமல் நிறையக் கிடக்கிறது. ஒரு பெட்டி அனுப்பி வைக்கிறேன். ஒவ்வொன்றும் எதற்காக ரிஜெக்ட் ஆனது என்று எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டும் கூடவே வரும், அதைப் பையன்களிடம் காட்டாதீர்கள். நல்ல பீஸும் பத்து கலந்து வைக்கிறேன். எது ஓகே, எது ரிஜெக்ட் என்று அவர்களே சொல்லட்டும். ஒவ்வொருத்தருக்கும் வேறு பீஸ் கொடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுத முடியாது.

திருவெறும்பூர்க்காரன்

நான் பாய்லர் பார்ட் ஃபேப்ரிகேஷனில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பல காலம் முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

வெல்டர் பத்தாவது முடித்தாரா, டிப்ளமா முடித்தாரா என்று நாங்கள் பின்பற்றும் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) கோடின் ஒன்பதாவது செக்‌ஷன் கேட்காது. ஒரு டெஸ்ட் பீஸை இன்ஸ்பெக்டர் முன்னால் வெல்ட் செய்ய வேண்டும். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவோம், 6ஜி பொசிஷன் என்போம். அதைச் சுற்றி வந்து வெல்ட் அடித்த பிறகு, பீஸை அறுத்து வளைத்துப் பார்ப்போம், அல்லது எக்ஸ்ரே எடுப்போம். வளைத்த இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் விரிசல் தெரிந்தால் ஃபெயில். நன்றாக முயற்சி செய்தார் என்று பாதி மார்க் போட இடமே இல்லை.

பாஸ் ஆனால் எந்தப் பிராசஸ், எந்தப் பொசிஷன், எவ்வளவு தடிமன் வரை என்று எழுதித் தருவோம். "நல்ல வெல்டர்" என்று பொதுவாக எழுத மாட்டோம். அந்தப் பிராசஸில் ஆறு மாதம் வெல்ட் அடிக்காமல் இருந்தால் தகுதி போய்விடும், திரும்ப டெஸ்ட் கொடுக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு ஜாயின்டையும் எந்த வெல்டர் அடித்தார் என்று அவர் நம்பரை வைத்துச் சொல்லிவிட முடியும். டெஸ்ட் எடுத்து கையெழுத்துப் போட்டது யார் என்பதும் ரெக்கார்டில் இருக்கும். நான் கையெழுத்துப் போட்ட ஒருவர் ஜாயின்டில் லீக் வந்தால் என் பெயரும் வெளியே வரும். அதனால் எனக்கு அலட்சியமாகப் போட முடியாது.

ஒரு பி.இ. பட்டம் எந்தத் தேதி வரை செல்லும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? மூன்றாவது செமஸ்டரில் தெரிந்தது எட்டாவது செமஸ்டரிலும் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறோமா? லேப் வாத்தியார் சார், உங்கள் மாணவன் இரண்டாம் வருடத்தில் ஒருவேளை சரியாகவே வெர்னியர் பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதைத் தொடவில்லை என்றால் கை மறந்துவிடும்.

ஓ.எம்.ஆர். ரோடு

சாஃப்ட்வேர் பக்கமும் இதே நோய்தான், கருவி மட்டும் வேறு. வருடத்துக்கு நூறு பேரையாவது இன்டர்வியூ செய்கிறேன்.

பட்டத்தை மட்டும் நம்ப முடியாமல் கம்பெனிகள் தாங்களே தேர்வு வைக்க ஆரம்பித்து வெகு நாளாகிறது. ஆம்கேட் என்ற வேலைத் தகுதித் தேர்வு 2007 வாக்கில் வந்தது, டி.சி.எஸ். தன் தகுதித் தேர்வை 2018-இல் கொண்டுவந்தது. இன்ஃபோசிஸ் மைசூரில் ஒரு பெரிய வளாகம் கட்டி, புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறது. கல்லூரி முடித்தவனுக்கு மறுபடியும் ஒரு கல்லூரி.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் செய்துகொண்டு வரும் எதையும் வைத்துத் திறமையை முடிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் மட்டும் என்ன? பைனல் இயர் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குவது எத்தனை வருடமாக நடக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சோர்ஸ் கோடு, ரிப்போர்ட், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் சேர்த்தே கிடைக்கும்.

நான் செய்வது இவ்வளவுதான். அவர் ப்ராஜெக்ட்டையே திறக்கச் சொல்வேன். ஒரு சின்ன மாற்றம் கேட்பேன். உதாரணத்துக்கு, லாகின் மூன்று தடவை தப்பானால் பத்து நிமிடம் பூட்ட வேண்டும். எந்த ஃபைலைத் திறக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். அவரே எழுதியிருந்தால் நேராக அந்த இடத்துக்குப் போவார். ஏ.ஐ. உதவி எடுத்திருந்தாலும் எனக்குப் பிரச்சினை இல்லை, படித்துப் புரிந்துகொண்டிருந்தால் அவரும் போவார். மற்றவர்கள் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்கள். முடிக்க வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்ப்பதில்லை.

இதைக் கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிவ்யூவிலேயே செய்யலாமே? முதல் ரிவ்யூ, இரண்டாம் ரிவ்யூ என்று பவர்பாயின்ட் பார்ப்பதற்குப் பதில் ஒரு மாற்றம் கேளுங்கள். ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஆகும்.

அரியலூர் அப்பா

என் மகன் மூன்றாம் வருடம் படிக்கிறான். எனக்கு இந்த டெக்னிக்கல் விஷயங்கள் தெரியாது, விவசாயம். அவன் ஆன்லைனில் பதினொரு சர்டிபிகேட் வாங்கி வைத்திருக்கிறான். எல்லாவற்றிலும் கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் அவன் பெயர் வருகிறது. டிஜிலாக்கரிலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். நான் முதல்வன் திட்டத்திலும் ஒரு கோர்ஸ் முடித்திருக்கிறான். இதெல்லாம் இருந்தால் வேலைக்குத் தகுதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? தயவுசெய்து யாராவது நேராகச் சொல்லுங்கள்.

ஓ.எம்.ஆர். ரோடு

ஐயா, நேராகச் சொல்கிறேன். கியூஆர் கோடு சொல்வது, இந்தச் சர்டிபிகேட் போலி இல்லை, இந்த நிறுவனம் கொடுத்தது, இந்தப் பெயருக்குக் கொடுத்தது என்பது வரைதான். அதுவும் வேண்டியதுதான், போலிச் சான்றிதழ் நம் ஊரில் சின்னப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தச் சர்டிபிகேட்டை என்ன செய்து வாங்கினான் என்பதை அது சொல்லாது. வீடியோவை ஓட விட்டு, கடைசியில் பத்து கேள்விக்குச் சரியான விடையை டிக் அடித்தாலும் அதே கியூஆர் கோடுதான் வரும்.

நான் முதல்வன் 2022 மார்ச்சில் தொடங்கியது. பாடத்திட்டத்தோடு சேர்த்து கிரெடிட் கொடுத்து நடத்துவது நல்ல விஷயம், சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்கிறது. அதில் செய்த ப்ராஜெக்ட் ஏதாவது இருந்தால், உங்கள் மகனை உங்கள் முன்னால் உட்கார வைத்து, அதை ஓட்டிக் காட்டி, என்ன செய்தான் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவன் சொல்லிவிட்டால் கவலைப்பட வேண்டாம். திணறினால் பதினொன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து செய்யச் சொல்லுங்கள். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, தாராளமாகப் போதும்.

வார்டு டீச்சர்

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர். வெல்டிங் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் கதையையும் எழுத வேண்டும் போலிருந்தது.

1990-இல் ஜார்ஜ் மில்லர் என்பவர் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் "தெரியும்", அதற்கு மேல் "எப்படி என்று தெரியும்", அதற்கு மேல் "செய்து காட்டுகிறார்", உச்சியில் "அன்றாட வேலையில் செய்கிறார்". எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு தட்டைத் தாண்டாது. லேப் வாத்தியாரின் மாணவர் இரண்டாவது தட்டில் நின்றவர். "தியரி தெரியும், கை ஓடவில்லை" என்று அவரே சொல்லிவிட்டார்.

மூன்றாவது தட்டுக்கு, 1975-இலேயே ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ஒரு வழி செய்தார். அதுதான் ஆஸ்கி தேர்வு. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, குறிப்பிட்ட நிமிடம், மணி அடித்ததும் அடுத்த மேசை. ஒரு மேசையில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், இன்னொன்றில் தையல் போட வேண்டும். எல்லா மாணவருக்கும் அதே வேலை, அதே பரிசோதகர், கையில் ஒரே பட்டியல். முன்பெல்லாம் ஒருவருக்கு எளிய நோயாளி, இன்னொருவருக்குக் கஷ்டமான நோயாளி, பரிசோதகரின் மனநிலை வேறு. அந்த அநியாயம் இதில் பெருமளவு குறைந்தது.

இங்கே 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்தது. சில திறன்களைத் தானே செய்து காட்டி லாக்புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடமும் லாக்புக்கை வருடக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நானும் ஒரு வருடம் மொத்தமாகப் போட்டேன். அடுத்த வருடம், பார்த்த அன்றே போடுவேன், மறுநாள் கொண்டுவந்தால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதல் மாதம் என் மேல் கோபம். அப்புறம் நான் ரவுண்ட்ஸ் முடிக்கும் நேரத்துக்கு அவர்களே வந்து நின்றார்கள்.

பட்டியலிலும் ஒரு ஆபத்து உண்டு. "கை கழுவினாரா" என்று ஒரு வரி இருந்தால், மாணவர் பரிசோதகரைப் பார்த்து "கை கழுவுகிறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போவார். மேசையில் மார்க் கிடைத்துவிடும். வார்டில் கழுவ மாட்டார். அதனால் பட்டியலின் கீழே ஒரே ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "இவரை என் அம்மாவுக்கு இதைச் செய்ய விடுவேனா?" ஆம் அல்லது இல்லை. பட்டியலில் பதினெட்டு டிக் விழுந்தும் இங்கே "இல்லை" என்று எழுதிய நாள்கள் உண்டு. அப்படி எழுதினால், ஏன் என்று அந்த மாணவரிடம் அங்கேயே சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் "இல்லை" என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

லேப் வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இதையே யோசித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

30 பேரையும் ஒரே நாளில் பத்து நிமிடம் பார்த்தால் 300 நிமிடம், என்னிடம் இருப்பது 150. அதனால்தான் முடியாது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ. ஐயா சொன்னது போல் ஒரு நாளைக்கு நாலு பேர், அதாவது வாரம் நாலு பேர், ஆளுக்கு 15 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். எட்டு வாரத்தில் 30 பேரும் முடிந்துவிடும். செமஸ்டர் 15 வாரம், ஆகவே கிட்டத்தட்ட இரண்டு சுற்று. மீதி நேரம் மற்றவர்களோடு வழக்கம் போல இருக்கலாம், லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒத்துழைக்கிறேன் என்றார்.

எட்டாம் செமஸ்டர் தங்கை சொன்னது ரொம்ப உறுத்தியது. பெட்டியைத் திறந்து எண்ணினேன். 11 வெர்னியர் இருக்கிறது, நாங்கள் வெளியே எடுப்பது ஆறு. தொலைந்துவிடும் என்ற பயம். இனி 11-ம் மேசைக்கு வரும். மாலை நாலரை வரை லேப் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பழகலாம். குழுவுக்குள் அளப்பவரும் எழுதுபவரும் ஒவ்வொரு வாரமும் மாற வேண்டும்.

சோதிக்கும்போது தமிழில் சொல்லலாம். நம் பல்கலைக்கழகத்திலேயே 2010 முதல் தமிழ் வழியில் மெக்கானிக்கல் இருக்கிறது, லேபில் தமிழ் பேசினால் என்ன குறைந்துவிடும்?

வழக்கமாக ரெக்கார்டில் போடும் கையெழுத்து ரெக்கார்டோடு இருக்கட்டும். இதற்குத் தனியாக ஒரு பக்கம், என்ன கொடுத்தேன், என்ன செய்தார், தேதி, கையெழுத்து.

ஃபைல் பொறுப்பாளர்

சார், நல்ல திட்டம். ஆனால் நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். 15 பேர் ஃபெயில் ஆனால் என்ன செய்வீர்கள்? பாஸ் பர்சன்டேஜ் குறைந்தால் நிர்வாகம் உங்களைத்தான் கூப்பிடும். எங்கள் கல்லூரியில் ஒரு மேடம் இப்படிக் கண்டிப்பாக இருந்து, இன்க்ரிமென்டை இழந்தார். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

லேப் வாத்தியார்

நியாயமான கேள்வி. அதனால்தான் ஃபெயில் என்ற வார்த்தையையே வைக்கவில்லை. "வந்தது", "இன்னும் வரவில்லை" இரண்டுதான். வரவில்லை என்றால் திரும்ப வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். 2021 ரெகுலேஷனில் லேப்புக்கு இன்டர்னல் 60, எக்ஸ்டர்னல் 40. அந்த 60-க்குள் இதற்கு இடம் இருக்கிறது, யாரிடமும் புது அனுமதி கேட்க வேண்டியதில்லை. செமஸ்டர் முடிவதற்குள் எல்லோருக்கும் வந்துவிட்டால் பாஸ் பர்சன்டேஜும் குறையாது. வராமல் போனவர்களுக்கு நிர்வாகத்திடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

திருவெறும்பூர்க்காரன்

திரும்பத் திரும்ப வர விடுவது சரி. எங்களிடமும் வெல்டர் ரீடெஸ்ட் எடுக்கலாம். ஆனால் அதே பீஸைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

லேப் வாத்தியார் (ஒன்பது வாரத்துக்குப் பிறகு)

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். கோயமுத்தூரிலிருந்து பெட்டி வந்தது, 64 பீஸ். கணபதி பட்டறை சாருக்கு மிக்க நன்றி.

முதல் சுற்றில் 30 பேரில் "வந்தது" என்று நான் கையெழுத்துப் போட்டது ஒன்பது பேருக்கு. அந்த ஒன்பது பேரில் வகுப்பின் முதல் ஐந்து ரேங்கில் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். மூன்று பேர் இரண்டு அரியர் வைத்திருப்பவர்கள். ஸீரோ எர்ரர் பார்க்காமல் ஆரம்பித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஆறு பேர் ரீடிங் சரியாக எடுத்துவிட்டு யூனிட் எழுதவில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து மாலையில் லேபுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. யாரை எப்போது கூப்பிடுவேன் என்று தெரியாது என்பதால் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஏற்கனவே கையெழுத்து வாங்கிய ஒரு பையனும் தினமும் வருகிறான், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க. பேசவே மாட்டான், வைவாவில் நான் அவனுக்கு எப்போதும் ஆறு, ஏழுதான் போட்டிருக்கிறேன்.

இன்றைய நிலவரம்: 23 பேருக்கு வந்துவிட்டது. ஏழு பேருக்கு இன்னும் வரவில்லை. ஒரு வெர்னியர் கீழே விழுந்து அதன் ஜா (பிடித்து அளக்கும் முனை) வளைந்துவிட்டது, தொலையவில்லை.

8.4 வாங்கிய அந்தப் பழைய மாணவனை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் இருந்தான், சாப்பிடக்கூடப் போகவில்லை. கிளம்பும்போது 25 எச்7 பீஸை அளக்கச் சொன்னேன். ஸீரோ பார்த்தான், டேபிளைப் பார்த்தான், புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதை இந்த வெர்னியரில் முடிவு பண்ணக் கூடாது இல்ல?" என்றான்.

போர் கேஜ் எங்கள் லேபில் ஒன்றுதான் இருக்கிறது. எச்.ஓ.டி. அறை பீரோவில். திங்கள்கிழமை சாவியைக் கேட்கப் போகிறேன்.